வெள்ளிக்கிழமைச் சைவம்

காஜா பேராங், மலாக்கா
மாசி மாதம், 1959

அன்பும் மரியாதையும் கொண்ட மாப்பிள்ளை கணேசமூர்த்தி அவர்களுக்கு, உங்கள் மாமனார் கலியாணசுந்தரம், எவரையும் கெஞ்சாமல், தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். சில எழுத்து மேட்டில் ஏறும், சில எழுத்து பள்ளத்தில் இறங்கும். முனிசிபலில் அத்தனை வருடம் ரோடு போட்டவன் நான். ஒரு ரோட்டையும் இப்படிக் கோணலாகப் போட்டதில்லை. தாரை விட மை வழுக்குகிறது மாப்பிள்ளை. என் பெயரை எழுதவே கை வலித்துவிடுகிறது. இவ்வளவு நீளமாகப் பெயர் வைத்த என் அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பது இப்போதுதான் புரிகிறது.

நீங்களும் மகள் மல்லிகாவும் சிரம்பானில் சுகமாக இருக்க ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர அது உண்மையா என்பது கடிதத்தின் கடைசியில்தான் தெரியும். எனக்கும் இன்னும் தெரியாது.

நீங்கள் போன கடிதத்தில், "மாமா, சைவம் எப்படிப் போகிறது?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். அந்த வரியை நானே படித்தேன். முன்பெல்லாம் உங்கள் கடிதம் வந்தால் மளிகைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், கடைக்காரர் வெங்காயம் நிறுத்து முடிக்கும்வரை நின்று படிக்கச் சொல்லிக் கேட்பேன். அந்த ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் கேள்விக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன். நன்றாகப் போகிறது என்று எழுதினால் பொய். போகவில்லை என்று எழுதினாலும் பொய். ஆகவே நடந்ததை எழுதுகிறேன், நீங்கள் குமாஸ்தா வேலை பார்ப்பவர், கூட்டிக் கழித்து எது சரியோ அதை எனக்குத் தெரிவிக்கவும்.

தீபாவளி முடிந்த பிறகு எனக்குத் தாகமாகவே இருந்தது. கிளினிக்கில் டாக்டருக்கு அடுத்தபடியாக இருக்கும் டிரஸ்ஸர் ராஜரத்தினம் பார்த்தார். மாப்பிள்ளையிடம் சொல்லத் தகாத ஒன்றை ஒரு குழாயில் வாங்கி, நீல மருந்து ஊற்றி, விளக்கில் காய்ச்சினார். நீலம் நீலமாகவே இருந்தால் உடம்பில் சர்க்கரை இல்லையாம். பச்சையானால் கொஞ்சம். செங்கல் நிறமானால் நிறைய. என்னுடையதை வைத்து ஒரு வீடே கட்டலாம், அப்படி ஒரு செங்கல். கொழுப்பான இறைச்சியையும் சோற்றையும் சீனியையும் குறைத்து, கீரை, காய், பருப்பு என்று சாப்பிடச் சொன்னார். இல்லாவிட்டால் சர்க்கரை மெதுவாகக் கண்ணுக்கு ஏறும் என்றார்.

மாப்பிள்ளை, எனக்கு அந்த நேரம் என்ன தோன்றியது தெரியுமா? அதற்கு முந்தைய மாதம்தான் நான் தியாகு மாஸ்டரின் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். பென்ஷனுக்குப் பெருவிரல் நாட்டியே பழகியவன் இந்த வயதில் ஆனா ஆவன்னா படித்து, கடைப் பலகையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டு தெருவில் நடக்கத் தொடங்கியிருந்தேன். இப்போதுதான் கண் திறந்தது, உடனே மூடப் பார்க்கிறதே என்று பயந்துபோனேன். அந்தப் பயத்தில் நேராகக் கோயிலுக்குப் போய், பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைத்து, வருகிற வெள்ளிக்கிழமை முதல் முழுச் சைவம், தினமும் ஒரு பக்கம் எழுத்து, இரண்டிலும் ஒரு குறையும் வராது என்று சத்தியம் செய்துவிட்டேன். குறைக்கச் சொன்னவர் டிரஸ்ஸர். குறையே இருக்கக் கூடாது என்று சொன்னவன் நான்.

வெள்ளி முதல் சைவம் என்றால் வியாழன்தானே கடைசி நாள். கடைசி நாளைச் சும்மா விட முடியுமா? ஆட்டுக்கறிப் பிரட்டல், கோழிக் குழம்பு, பிறகு சீனி போட்ட கோப்பி, எல்லாவற்றையும் ஒரு மரியாதையோடு வழியனுப்பி வைத்தேன். மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, விபூதி பூசி, கீரையும் பருப்புமாக அமர்க்களமாகத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பண்டார் ஹிலிர் கோப்பிக் கடையில் இழை இழையாக வறுத்த மீ சாப்பிட்டேன், வெறும் காய்கறிதான் போடச் சொல்லியிருந்தேன். பாதித் தட்டு காலியானபோது அடியிலிருந்து ஒரு இறால் என்னைப் பார்த்தது. சைவம் கெட்டுப் போச்சு. கெட்ட சைவத்தை நடு வாரத்தில் எப்படித் தொடங்குவது? திங்கள் சரியில்லை, செவ்வாய் கூடவே கூடாது, புதன் தேய்பிறை. அடுத்த வெள்ளிதான் நல்ல நாள். அதுவரை இடையில் இருக்கும் நாட்கள் எந்தக் கணக்கிலும் சேராது என்று மீனும் கோழியுமாக ஓடியது. வியாழன் வந்ததும் மறுபடி வழியனுப்பு. இப்படியே வாராவாரம்.

எழுத்தும் இதே கதைதான். தியாகு மாஸ்டர் நல்ல பையன். தெரிந்ததைப் பற்றி தினமும் இரண்டு வரி எழுதுங்கள், காய்கறியைப் பற்றியாவது எழுதுங்கள் என்பார். நான் பாகற்காயைப் பற்றித் தொடங்கினேன். "பாகற்காயின் முதுகு முதலையின் முதுகு" என்று எழுதிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒன்று என் தலைக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ஆனால் முதலையின் லை சாய்ந்துவிட்டது. சாய்ந்த எழுத்தோடு எப்படி விடுவது என்று சிலேட்டையே துடைத்து ஆனாவிலிருந்து தொடங்கினேன். ஒரு நாள் எழுத விட்டுப்போனாலும் ஆனாவிலிருந்து. வகுப்பில் மற்றவர்கள் வாக்கியம் எழுதும்போது நான் மட்டும் ஐயன்னாவைத் தாண்டாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் மாஸ்டர் என் சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, வகுப்பிலேயே உங்க சிலேட்டுதான் ரொம்பச் சுத்தம்" என்றார். நான் அதைப் பாராட்டு என்று நினைத்து வீட்டில் சொன்னேன்.

போகிக்கு முன்பு ஒரு வாரம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. போகியன்று பக்கத்து வீட்டு அப்பாசாமி அழைத்தார். அவர் இங்கே பரம்பரையாக இருக்கும் சிட்டி என்கிற பழைய செட்டி வம்சத்துக்காரர், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். போகியன்று அவர்கள் முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படைப்பார்கள். கறி, கோழி, பலகாரம் எல்லாம் வைத்து, கதவைச் சாத்தி, போனவர்கள் சாப்பிடும்வரை காத்திருந்து, பிறகுதான் இருப்பவர்கள் சாப்பிடுவார்கள். நான் தயங்கினேன். அப்பாசாமி, "சிக்கிட் சஜா, கலியாணம், சிக்கிட் சஜா" என்றார். கொஞ்சம்தான், கொஞ்சம்தான் என்கிறார். அவருடைய அப்பாவை எனக்குத் தெரியும், நல்ல மனிதர், இப்போதுதான் சாப்பிட்டு எழுந்து போயிருக்கிறார், அவர் இலையை வேண்டாம் என்று சொல்வதா? ஒரு துண்டு கோழி எடுத்தேன். அது உள்ளே போனதும், சரி, சைவம்தான் கெட்டுவிட்டதே, இனி ஒரு துண்டு என்ன, ஒன்பது துண்டு என்ன என்று கறி, மீன், டோடோல் இனிப்பு எல்லாம் தாராளமாகப் போயின. கொஞ்சம் சாப்பிடு என்றுதான் அந்த மனிதர் சொன்னார்.

கிளினிக்கில் என்னைப் பார்க்கும் நாள் வெள்ளிக்கிழமை காலை. இதை நான் இதற்கு முன் யோசித்துப் பார்க்கவில்லை, எழுதும்போதுதான் யோசிக்கிறேன். எழுதுவதில் இந்தத் தொந்தரவும் இருக்கிறது. பொங்கல் கழிந்த வெள்ளியன்று டிரஸ்ஸர் குழாயைக் காய்ச்சி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மறுபடி செங்கல்.

"என்னங்கய்யா சாப்பிடுறீங்க?" என்றார்.

"முழுச் சைவம்" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"இன்னைக்குக் காலையிலேர்ந்து."

"நேத்து ராத்திரி?"

"நேத்து வழியனுப்பு."

அவர் குழாயைக் கீழே வைத்தார். "நான் குறைக்கத்தானே சொன்னேன். உங்களை யாரு சாமியாராப் போகச் சொன்னது? இப்படியே செங்கல்லாக் காட்டிக்கிட்டு வந்தீங்கன்னா, அடுத்த தீபாவளிக்கு ஆனா எது ஆவன்னா எதுன்னு தடவித்தான் பாக்கணும்."

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். உங்கள் மாமியார் அஞ்சலை என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை, அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க கறிய விட்டதிலேர்ந்துதான் இந்த வீட்டுல வாராவாரம் கறி. முன்ன மாசத்துக்கு ஒரு தடவ ஆக்குவேன். தயவுபண்ணி இந்தச் சைவத்தை விட்டுருங்க. உங்க கண்ணாச்சும் பொழைக்கும்."

பிள்ளையாரிடம் சத்தியம் செய்ததைச் சொன்னேன். பிள்ளையாரா கேட்டார் என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்: "பண்டார் ஹிலிர்லேர்ந்து வீட்டுக்கு நடந்து வரீங்க. வழியில கால் தடுக்கி விழுறீங்க. எழுந்து மேல நடப்பீங்களா, இல்ல நடை கெட்டுப்போச்சுன்னு திரும்ப பண்டார் ஹிலிருக்கே போயி முதல்லேர்ந்து வருவீங்களா?"

நான் நன்றாக யோசித்து, அது எந்த இடத்தில் விழுந்தேன் என்பதைப் பொறுத்தது என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து புது ஏற்பாடு. அதை ஏற்பாடு என்று சொல்லலாமா என்று எனக்குச் சந்தேகம், ஏனென்றால் தொடக்கம் என்று ஒரு நாள் கிடையாது, தேங்காய் உடைக்கவில்லை. தட்டில் முதலில் கீரையையும் காயையும் வைத்துவிடுகிறாள். அது தீர்ந்தால்தான் சோறு, அதுவும் கொஞ்சம். எங்காவது போன இடத்தில் கறித்துண்டு வந்தால் வருகிறது, அடுத்த வேளை மறுபடி கீரை. வெள்ளி, வியாழன் எதுவும் இல்லை. எழுத்திலும் அப்படியே, சாய்ந்தால் சாய்ந்தபடி அடுத்த எழுத்துக்குப் போ என்கிறார் மாஸ்டர். இந்தக் கடிதத்தைக்கூட தினமும் நாலு வரி என்று எழுதி வருகிறேன். நேற்று எழுதவில்லை, இன்று ஆறு வரி எழுதினேன், அதற்கு ஏதாவது பிராயச்சித்தம் உண்டா என்று தெரியவில்லை. மொத்தத்தில் வெறும் வாழ்க்கை மாதிரியே இருக்கிறது. சைவம் என்ற பெருமையும் இல்லை, அசைவம் என்ற நிம்மதியும் இல்லை. அப்பாசாமி பார்க்கும்போதெல்லாம் இப்போது நீ எந்தப் பக்கம் என்று கேட்கிறார்.

போன வெள்ளி மறுபடி கிளினிக் போனேன். குழாய் காய்ந்துகொண்டிருந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பாருங்கய்யா என்றார் டிரஸ்ஸர். முற்றிய முருங்கையிலை மாதிரி பச்சை. நீலம் இல்லையே என்றேன். "நீலத்துக்கு இப்ப என்ன அவசரம், இந்தப் பச்சையை விட்டுறாம வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, மேசையில் கிடந்த தமிழ்ப் பேப்பரை எடுத்து என் முன் நீட்டி ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னார். முன்பு என் கண்ணைப் பார்த்தபோது படிக்கத் தெரியாதவன் என்று கவைக்கோல் போல ஒன்றைக் காட்டி அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையை நீட்டச் சொன்னார்கள். இந்தத் தடவை படித்தேன். பெரிய எழுத்து எல்லாம் வந்தது. அடுத்த எழுத்தும் கொஞ்சம் நேரமெடுத்து வந்தது. பொடி எழுத்து இடது கண்ணுக்கு வந்தது, வலது கண்ணுக்கு நனைந்த மாதிரி தெரிந்தது. போனது போனதுதான், இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் போதும் என்ற பிறகும் நான் ஒரு பத்தி படித்துவிட்டுத்தான் எழுந்தேன். வெளியில் ஆட்கள் காத்திருந்தார்கள், இருக்கட்டும்.

ஆகவே மாப்பிள்ளை, உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, ஆனால் எறும்பு முட்டை அளவு இருக்கிறது. இனிமேல் பெரிதாக எழுதவும். தாள் அதிகம் செலவானாலும் பரவாயில்லை, செய்தியைக் குறைத்துக்கொள்ளலாம்.

சைவம் எப்படிப் போகிறது என்றால், நடந்து போகிறது. இப்போதைக்கு இதுதான் என் பதில். மல்லிகாவுக்கு என் ஆசீர்வாதத்தையும் அவள் அம்மாவின் ஆசீர்வாதத்தையும் பிரித்துப் பிரித்துச் சொல்லவும், சேர்த்துச் சொன்னால் அவளுக்கு யாருடையது குறைவு என்று சந்தேகம் வரும். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் கீரை தின்று வாழ்க. அடுத்த வாரமும் எழுதுவேன். எழுதாமல் விட்டுப்போனால் ஆனாவிலிருந்து தொடங்காமல் அதற்கடுத்த வாரம் எழுதுவேன்.

இப்படிக்கு,
கலியாணசுந்தரம்
(ரேகை அல்ல, கையெழுத்து)

பி.கு. கடிதத்தை மடிக்குமுன் உங்கள் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கீரையில நான் பெலாச்சான் போடுறத எழுதலயே" என்றாள். எந்தக் கீரையில் என்றேன். எல்லாக் கீரையிலும்தானாம், முதல் வெள்ளிக்கிழமையிலிருந்தே. இறாலை அரைத்துக் காயவைத்த அந்தப் பெலாச்சான் இல்லாமல் நான் கீரையைத் தொட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியுமாம். ஆக நான் ஒரு நாள், ஒரு வேளைகூடச் சைவமாக இருந்ததில்லை. அந்தக் கோப்பிக் கடை இறாலை வீணாகத் திட்டிவிட்டேன். அப்படியானால் குழாயில் வந்த பச்சை எதனுடைய பச்சை, நான் கெடுத்தது எதை, விட்டது எதை என்று ஒன்றும் விளங்கவில்லை. மேலே எழுதியதில் எதை நம்ப வேண்டுமோ அதை மட்டும் நம்பவும். பெலாச்சானைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாமா, நாளையிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டாள். சரி என்றேன். சொன்ன பிறகுதான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். நாளை செவ்வாய்க்கிழமை. அஷ்டமி வேறு.