நெவில் கால்டருக்குக் கண்ணீர் அஞ்சலி

"இன்னாய்யா இது? நம்ம வாசல்ல எவன் செத்துட்டான்?" என்று சிலுவையம்மாள் போட்ட சத்தத்தில், ஸ்டூல் மேல் நின்றிருந்த பாஸ்கல் ஒருமுறை ஆடி நின்றார்.

கம்பத்தில் எட்டடி உயர ஃப்ளெக்ஸ். மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'நெவில் கால்டர். மறைவு: சனிக்கிழமை.'

"கால்டருதான். இனிமே எனக்கு அவன் செத்தான்," என்றார் பாஸ்கல்.

"போன மாசம் இதே கம்பத்துல அவனுக்குப் பொறந்த நாளுன்னு கட்டி, தெருவுக்கே கேசரி குடுத்தியேய்யா!"

"அது வேற கால்டரு."

பாஸ்கலுக்குத் திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் வேலை. எட்டு மணி நேரம் டிரெய்லர் ஹாரனைக் கேட்டுவிட்டு ராயபுரம் வந்து டிவியைப் போட்டால், கிரிக்கெட்டிலும் கத்தினார்கள், செய்தியிலும் கத்தினார்கள். பதினோரு வருடம் முன்பு ஒருநாள் சேனல் மாற்றும்போது கோல்ஃப் வந்தது. ஆயிரம் பேர் சுற்றி நிற்கிறார்கள், ஒருத்தர் மூச்சு விடவில்லை. மனுஷன் அப்படியே சொக்கிப்போனார். அன்று ஆடிக்கொண்டிருந்தவர் கால்டர். அன்றிலிருந்து பாஸ்கலுக்குத் தலைவர் அவர்தான்.

அந்தத் தலைவர் நேற்று துபாயில் குழிக்கு ரெண்டடி தூரத்தில் கிடந்த பந்தை உள்ளே தள்ளாமல் விட்டார். அதைக்கூட பாஸ்கல் மன்னித்திருப்பார். விட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் பூசை முடிந்த கையோடு யாசினின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்விட்டார்.

"அத்த மொதல்ல அவுரு," என்றாள் சிலுவையம்மாள். "மாப்பிள வூட்டுக்காரங்க அடுத்த வாரம் வரலியாம். இப்பவே வந்துகினு கீறாங்க. பேசின் பிரிட்ஜ் தாண்டிட்டாங்க."

பாஸ்கல் அவசரமாகக் கட்டை அவிழ்க்கப் பார்த்தார். மகள் ஆன்சிக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆபீஸ் வேலை. கூட வேலை பார்க்கும் சாலமோனுக்கும் அவளுக்கும் ரெண்டு வருடமாக மனசு ஒத்துப்போயிருந்தது. பையனின் அப்பா ஞானதுரை, மாதவரத்தில் மளிகை மொத்த வியாபாரி, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று இத்தனை நாள் முறுக்கிக்கொண்டிருந்தவர். "இது தட்டிப்போச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்பா" என்று ஆன்சி சொல்லியிருந்தாள். அம்மாவைப் போல, சொன்னால் சொன்னதுதான். பாஸ்கலுக்கு அவள்மேல் உயிர்.

பக்கத்து வீட்டு ஃப்ரெடி ஓடி வந்தான். யார்டிலும் தோஸ்து, கோல்ஃபிலும் தோஸ்து. ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தது கயிறு இல்லை, கட்டுக்கம்பி. இருவரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் அது கழலவில்லை. சர்ரென்று வழுக்கி இறங்கி, வருகிறவர் முகத்துக்கு நேராகக் கால்டர் சிரிக்கும்படி நின்றுகொண்டது. அப்போதுதான் கடைசி வரி பாஸ்கலின் கண்ணில் பட்டது.

'வருந்தும் குடும்பத்தார்: பாஸ்கல், சிலுவையம்மாள், ஆன்சி.'

"அடப்பாவி யாசினு!" வேறு எந்த வீட்டுக்கோ போட்ட அஞ்சலியில் படத்தையும் பெயர்களையும் மட்டும் மாற்றி அச்சடித்துக் கொடுத்திருக்கிறான்.

அதற்குள் கார் வந்து நின்றது.

முதலில் இறங்கிய ஞானதுரை, கடமைக்கு வந்தவர் போல முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். கடைசி வரிவரை படித்தார். முகம் வெளுத்துவிட்டது. செருப்பைத் தெருவிலேயே கழற்றினார். துக்க வீட்டுக்கு மரியாதையாகச் செல்போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"இவுக... உங்களுக்கு உறவா?"

பைத்தியக்காரன் வீட்டில் பெண் எடுப்பார்களா? பாஸ்கல் வாயில் வந்ததைச் சொன்னார். "ஆமாங்க. எங்கம்மா வழியில ஒண்ணு வுட்ட மாமா. ஆங்கிலோ இந்தியரு."

"சொந்த மாமாவா?"

"ஒண்ணு வுட்டது."

"மாமாதானே?" என்றவர் குரல் உடைந்தது. பெண்ணுக்காகக் கொண்டுவந்த மல்லிகைச் சரத்தை மனைவி தேவகிருபையின் தட்டிலிருந்து எடுத்துக் கால்டருக்குச் சூட்டினார். "நேத்துகூடச் சிரிச்ச முகமா இருந்தாரே!" என்று சொல்லிக் கைக்குட்டையால் கண்ணை மூடிக்கொண்டார்.

படத்தைப் பார்த்தே இந்த அழுகை அழுகிறாரே, எவ்வளவு இளகிய மனசு என்று பாஸ்கல் அசந்துபோனார். ஆனால் காரியம் கெடுகிறதே! மனைவியோடும் மகன் சாலமோனோடும் உள்ளே போய் உட்கார்ந்ததும் ஞானதுரை, "இந்த நேரத்துல கல்யாணப் பேச்சு எடுக்கது முறையில்ல. நாப்பது நாள் கழியட்டும்," என்றார்.

வாசற்படியோரம் நின்ற ஆன்சியின் கண் நிறைந்துவிட்டது. பாஸ்கலுக்குப் பொறுக்கவில்லை. துக்கத்தைக் குறைத்துக் காட்ட வேண்டியதுதான்.

"துக்கம்லாம் ஒண்ணும் இல்லீங்க. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. கடைசில கால வாரிட்டாருங்க. ரெண்டடி! ரெண்டே அடிங்க! வுட்டுட்டு அந்தாளு சிரிக்கிறாரு!"

"அப்படிச் சொல்லாதீங்க," என்று ஞானதுரை அதட்டினார். "அவுக சிரிக்கது உள்ள இருக்க வலிய மறைக்க. பெரிய மனுசன். மன்னிச்சிருங்க. எல்லாரும் எந்திரிங்க, ஜெபம் பண்ணுவோம்."

எல்லோரும் எழுந்து கண்ணை மூடினார்கள். ஞானதுரை உருக்கமாக ஆரம்பித்தார். மூலையில் நின்ற ஃப்ரெடி மட்டும் ஒரு காதில் இயர்ஃபோனைச் செருகி, துபாய் கடைசி நாள் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆண்டவரே, உம்முடைய ஊழியன் நெவிலின் ஆத்துமாவை..."

"மணல்லேர்ந்து தூக்கி அட்ச்சான் பாரு! நேரா குழிக்குள்ள பூந்துச்சு மாமு! கப்பு நம்மளுது!"

"என் தங்கமே! என் ராஜாவே!" என்று பாஸ்கல் ஓரடி உயரம் குதித்தார். ஃப்ரெடியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தார். எல்லோரும் கண்ணைத் திறந்திருந்தார்கள்.

"யாரு ஜெயிச்சா?" என்றார் ஞானதுரை.

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. பாஸ்கல் கை கூப்பினார். "அவரு சாவலீங்க. துபாய்ல உசுரோட கீறாரு. இப்பதான் கப்பு வாங்கினாரு. கோவத்துல நான்தான் அஞ்சலி போட்டுட்டேன். என் கிறுக்குக்கு எம் பொண்ண வுட்றாதீங்க. இன்னொண்ணும் சொல்லணும், அவரு எனக்கு..."

ஞானதுரை பாய்ந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "வேற ஒண்ணும் சொல்லாதீங்க சம்பந்தி! உயிரோட இருக்காகளா? அது போதும் எனக்கு."

சம்பந்தியா? சிலுவையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. தை மாதம் கல்யாணம், பெண் வீட்டுக் கோயிலிலேயே. ஒரு நிபந்தனை கிடையாது. வெளியே போன ஞானதுரை, கால்டர் கழுத்திலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து வந்து ஆன்சி கையில் கொடுத்து, "வச்சுக்கோம்மா, இது ஆசீர்வாதம்," என்றார்.

முன்பின் தெரியாத ஒருத்தர் செத்ததற்கு அழுது, பிழைத்ததற்குச் சிரிக்கிற மனுஷன்! பாஸ்கலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லாம் கால்டர் போட்ட பிச்சை. அந்தச் சிரிப்புகூட இப்போது யோசித்தால் தெய்வீகமாகத்தான் இருந்தது. நாளைக்கே பத்தடியில் ஒரு வாழ்த்து ஃப்ளெக்ஸ் போட வேண்டும் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டே காரின் கதவைச் சாத்தப் போனார்.

வந்ததிலிருந்து வாயே திறக்காத மாப்பிள்ளை சாலமோன் கண்ணாடியை இறக்கி, மெதுவாகச் சொன்னான்:

"மாமா, எங்க கடையில கல்லாவுக்கு மேல இருபது வருஷமா இயேசு படம், அதுக்குப் பக்கத்துல உங்க நெவில் மாமா படம், அவுக நேர்ல வந்து முன்ன நின்னாத்தான் தாலின்னு அப்பா சொல்லிட்டாரு, எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்க."