நூறு சதவீதச் சாமியார்

சாமியார் கண்ணை மூடி மூன்று தடவை ஊதினால் போதும், போனில் பாடம் முடிந்துவிடும். சிரிக்காதீர்கள். நாங்கள் நம்பினோம். நாங்கள் என்றால் எழுதப் படிக்கத் தெரியாத கூட்டம் இல்லை. முப்பத்தெட்டு பொதுச் சுகாதார நர்சுகள். "பிள்ளைக்குக் காய்ச்சல்னா தாயத்து கட்டாதீங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று வீடு வீடாகப் போய்த் தொண்டை வறளக் கத்துகிறவர்கள்.

எங்களுக்குப் புதுப் பயிற்சி வந்திருந்தது. பாதி போனில், பாதி வகுப்பறையில். இருபது பாடங்களை ஆபீசிலேயே போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். நூறு சதவீதம் முடித்தவர்களுக்குத்தான் வகுப்பறையில் நாற்காலி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் மூடப்படும். பட்டியலில் பெயர் இல்லாத தற்காலிக நர்சுக்கு மறுநாள் வேலை இல்லை.

படித்தோம். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் படித்தோம், அடுப்பில் பால் பொங்கி வழிய வழியப் படித்தோம். ஆனால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று போனில் காட்டும் பச்சைக் கோடு ஆளுக்கொரு எண்ணில் குத்துக்கல்லாக நின்றது. ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டால், "மேலிடத்துல கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். அந்த மேலிடம் எந்த மாடியில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் கடைவீதிக்குப் பின்னால் சாமியார் முளைத்தார். அவருடைய உதவியாளர் எங்கள் போனை வாங்கி, தோஷம் கழிக்கும் 'சுத்தி' செய்யத் திரைக்குப் பின்னால் கொண்டுபோவார். திரும்பி வந்த போனைச் சாமியார் மடியில் வைத்து ஊதுவார். கோடு ஏறும். எழுபது, தொண்ணூறு, நூறு. எனக்கும் ஏறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அவர் காலில் விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, நாங்கள் குண்டூசி என்று கூப்பிடுகிறவள் வந்தாள். ஒல்லியான தற்காலிக நர்ஸ், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. இருபது பாடத்தையும் முடித்திருந்தாள். கோடு அறுபத்திரண்டில் நின்றது.

சாமியார் அவள் கழுத்தைப் பார்த்தார். அப்புறம்தான் போனைப் பார்த்தார்.

"உனக்குத் தோஷம் பெருசும்மா. கழுத்துல கிடக்கறதைக் காணிக்கையா வை. அப்பதான் சுத்தி."

அவளிடம் இருந்த ஒரே தங்கம் அந்தச் சங்கிலி. கொக்கியைக் கழற்றினாள்.

"கொஞ்சம் பொறுடி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எங்கள் கூட்டத்தில் ஒருத்திக்கு நாங்கள் வைத்த பெயரே கேள்விதான். எதற்கெடுத்தாலும் கேட்பாள், வகுப்பு எடுப்பவர்கள் அவளைக் கண்டாலே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கையில் நோட்டோடு வந்தாள்.

"ஏழாம் பாடத்துல என்ன இருக்கு? ஒரு தெருவுல பேதி வந்தா யார் எந்தத் தண்ணி குடிச்சாங்கன்னு ஒவ்வொருத்தரையும் கேக்கணும். ஒரு வாரமா அதைத்தான் கேட்டேன். நம்ம பெரியக்கா சாம்பிராணிப் புகை தாங்காம, சாமி ஊதறதுக்கு முன்னாடியே போனை வாங்கிட்டு வாசலுக்கு வந்துட்டாங்க. வாசல்லயே நூறு ஆயிடுச்சு. ஒரு பாடம்கூடத் திறக்காத நம்ம தூங்குமூஞ்சிக்குப் பத்துத் தடவை ஊதியும் பூஜ்யம். அப்ப ஊதறதுல என்ன இருக்கு?"

தூங்குமூஞ்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாமி, இவ போனு திரைக்குப் பின்னால போக வேண்டாம். இங்கயே ஊதுங்க."

ஊதினார். அறுபத்திரண்டு. மறுபடி ஊதினார். மூன்றாவது தடவை எச்சில்தான் தெறித்தது.

"நம்பிக்கை இல்லாதவங்க இருக்கற இடத்துல அருள் நிக்காது" என்றார்.

"சரி, அருளுக்கு லீவு குடுங்க. இந்தத் தண்ணியை வாய் நிறைய வெச்சுக்குங்க. முழுங்காதீங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு வழியில்லாமல் வைத்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின.

கேள்வி திரையை இழுத்தாள். அலமாரியில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. அதற்கு மாலை வேறு. பச்சை விளக்கு மினுக்கியது, சுவரிலிருந்து ஒரு வயர் வந்தது.

"நம்ம ஊர்ல டவர் நொண்டுது. கம்பி வழியா இன்டர்நெட் வர்ற ஒரே வீடு இது. நீங்க படிச்சதெல்லாம் உங்க போனுக்குள்ளயே கிடந்தது. திரைக்குப் பின்னால இந்தப் பெட்டியோட சேர்த்ததும் ஆபீசுக்குப் போச்சு, கோடு ஏறுச்சு. இதை ஆபீஸ்காரங்க முதல் நாளே சொல்லியிருக்கணும்."

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைக் குண்டூசியின் போனில் அடித்தாள். சாமியார் வாயில் தண்ணீர். யாரும் ஊதவில்லை, யாரும் மூச்சுக்கூட விடவில்லை.

எழுபது. எண்பத்தொன்பது. நூறு.

குண்டூசி போனைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. சங்கிலியைத் திரும்பப் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். சாமியார் தண்ணீரை விழுங்கிவிட்டுக் கொல்லைப்புறமாக நடையைக் கட்டினார். உதவியாளர் அவருக்கு முன்பே போயிருந்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிப் பார்த்தால் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்த வெள்ளைப் பெட்டியைக் கும்பிடுகிறார்கள். அதில் ஒருத்தி நான்.

கேள்வி எங்கள் கையைப் பிடித்துப் பிரித்து, ஆளுக்கொரு பேனாவைத் திணித்தாள்.

"கும்பிட்டது போதும். பாஸ்வேர்டை எழுதிக்குங்க."