மீதி மாமாவும் என் ஹால்டிக்கெட் எண்ணும்

மயிலாப்பூரில் எந்த எண்ணும் மீதி மாமாவிடமிருந்து தப்பித்ததில்லை. வீட்டு எண், பஸ் டிக்கெட், கேஸ் சிலிண்டர், எது கண்ணில் பட்டாலும் ஏழால் வகுப்பார், பதினொன்றால் வகுப்பார், மீதியைச் சொல்லிவிட்டுத்தான் நகருவார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. கல்யாணமாகாதவர். எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் முன் போர்ஷன். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவரோடு ஆட்டோ பிடிப்பது மகா அவஸ்தை. ஒருமுறை தி.நகரில் ஒரு கடைக்குப் போவதற்காக நிறுத்திய ஆட்டோவின் நம்பர் பிளேட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“ஏழால வகுபடறதேப்பா!”

“அதுக்கு நான் இன்னா சார் பண்றது? ஆர்.டி.ஓ. ஆபீஸாண்ட போய்க் கேளு!”

நாலாவதாக வந்த ஆட்டோவின் எண் பகா எண், எதாலும் வகுபடாது. அதில்தான் ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாங்க் பரீட்சை எழுதினேன். வயது வரம்பு அத்தோடு முடிகிறது, கடைசி வாய்ப்பு. தபாலில் வந்த ஹால்டிக்கெட்டை எனக்கு முன்னால் மாமாதான் வாங்கிப் பார்த்தார். ஆறு இலக்க எண். படியில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

“சில்லறை நம்பர் ஒண்ணும் இதை அசைக்க முடியாதுடா. பெரிய பகா எண் ரெண்டைப் பெருக்கினா இது வரும். வேற வழியே கிடையாது. ராஜ பரம்பரை!”

பரீட்சை முடிந்த வாரமே அந்த ஹால்டிக்கெட் சட்டைப்பையோடு சோப்புத் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது. பேப்பரில் ரிசல்ட் வந்தது, வெறும் எண்களாக. என் எண் எனக்கு மறந்துபோயிருந்தது. மாமாவிடம் ஓடினேன்.

“நம்பர் ஞாபகமில்லையேடா.”

நான் பேப்பரை மடிக்கப் போனேன்.

“ஆனா காரணி ரெண்டும் ஞாபகம் இருக்கு. எழுநூத்தி நாப்பத்திமூணு, எண்ணூத்தி அம்பத்தொம்போது. பெருக்கிட்டாப் போறது.”

பிள்ளையை மறந்துவிட்டு அதன் அப்பா அம்மாவை ஞாபகம் வைத்திருப்பது போலத்தான். பேப்பர் ஓரத்திலேயே பெருக்கினார். 638237. இருவரும் விரல் வைத்துத் தேடினோம். 638231 இருந்தது. அடுத்தது 638240. நடுவில் ஒன்றுமில்லை. மாமா மறுபடி பெருக்கினார். விடை மாறவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா எல்லாம் நல்லதுக்குத்தான் என்றாள். அப்பா சனிப்பெயர்ச்சி என்றார். பக்கத்துப் போர்ஷன்காரர் காப்பி கொடுத்தார். அதிர்ந்து பேசியே அறியாத மாமா மட்டும் பேப்பரைப் படியில் ஓங்கி அடித்தார்.

“ரசனை கெட்ட பசங்க! ரெண்டு, நாலு, அஞ்சு, எட்டு, பத்து, யார் கூப்பிட்டாலும் வகுபடற 638240-ஐ பாஸ் போட்டிருக்கான். இப்பேர்ப்பட்ட நம்பரை விட்டுட்டான்!”

அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டேன். அன்று எனக்கு ஆறுதல் சொல்ல வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எனக்காகக் கோபப்பட்டவர் அந்த மனுஷன் ஒருவர்தான்.