ஊமை வண்டியின் கண்டக்டர்

தமிழ்நாட்டில் எத்தனையோ கண்டக்டர்கள் டிக்கெட் கிழித்திருக்கலாம். ஆனால் ஒரு பஸ்ஸின் படியைக்கூட மிதிக்காமல், உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழும்பாமல், காக்கிச் சட்டை நனைய நனைய வருஷக்கணக்கில் கண்டக்டர் உத்தியோகம் பார்த்த ஒரே ஆள் என் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். அவனை மிஞ்ச இன்னொருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். வராமல் இருந்தால் ஊருக்கு நல்லது.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி, அந்தக் கூலியில் நான் எழுப்பின வீடு. மேலே ஓர் அறை போட்டு வாடகைக்கு விட்டிருந்தேன். தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் படம் போடுகிற வேலை என்று சொல்லிக்கொண்டு வந்தான். நாற்பதை நெருங்கின ஆள். கல்யாணம் ஆகவில்லை, குடி கிடையாது, பீடி கிடையாது. நல்ல ஆள் வந்து வாய்த்தான் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு அன்று சாயங்காலம் வரைக்கும்தான் ஆயுசு.

என் நாத்தனார் மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்கப் படியேறிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து ஓர் அதட்டல்.

"படியில நிக்காத! உள்ள ஏறு, உள்ள ஏறு!"

நாத்தனார் பயந்த சுபாவம். யார் அதட்டினாலும் அதன்படி செய்துவிடுவாள். நேரே அவன் அறைக்குள் ஏறி நின்றுவிட்டாள்.

"முன்னால போம்மா, எம்புட்டு இடம் கெடக்கு!"

அவளும் சுவர் முட்டுகிறவரை முன்னால் போனாள். அவன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதில் பெரிய ஹெட்போன், கழுத்தில் விசில், கண் கம்ப்யூட்டரில். "டிக்கெட் எடுக்காதவங்க யாரு?" என்று கேட்டான். "நான் எடுக்கலங்க" என்று நாத்தனார் அழுகிற குரலில் சொன்னது கீழே எனக்குக் கேட்டது.

ஏறிப்போய் ஹெட்போனைப் பிடுங்கினேன்.

"ஏலே, யாருலே நீ? என் வீட்டுப் பொம்பளகிட்ட டிக்கெட்டா கேக்க?"

"ஐயோ பெரியம்மா, மெதுவாப் பேசுங்க. மைக் ஆன்ல இருக்கு. பஸ்ல இருக்கவங்க கேட்டா என்ன நெனப்பாவ?" என்று என்னிடமே கிசுகிசுத்தான்.

அன்றைக்கு விழுந்த பெயர்தான் கண்டக்டர். வாடகை பேசும்போது சொன்ன பெயர் எனக்கு மறந்தே போனது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் ஒரு ஊர் இருக்கிறது. அதில் ரோடு உண்டு, கடை உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. எங்கெங்கோ வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளைகள் சாயங்காலமானால் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு அந்த ஊருக்குள் இறங்குவார்கள். ரோல்பிளே என்று அதற்குப் பெயர். ஒருத்தன் போலீஸ், ஒருத்தன் டாக்டர், இவன் கண்டக்டர். பகலெல்லாம் நிஜமாக வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் பொய்யாக வேலை பார்க்க ஓடுகிறார்கள். அதற்குக் கூலி உண்டா என்று கேட்டேன். கிடையாதாம். ரொம்பச் சந்தோஷம் என்றேன்.

இந்த லட்சணத்துக்குச் சட்டதிட்டம் வேறு. வேஷத்தில் இருக்கும்போது சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. சொந்தக் கதை பேசக் கூடாது. ரோட்டில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தால் கடைசி ஆடு கடக்கிறவரை வண்டியை நிறுத்த வேண்டும், ஹாரன் அடித்தால் அபராதம். யாராவது சுட்டு ஒருத்தன் செத்துப்போனால் அவன் திரும்ப உயிரோடு வரலாம். ஆனால் சுட்டது யார் என்று ஞாபகம் வைத்திருக்கக் கூடாது, பழி வாங்கக் கூடாது. அந்தக் கடைசி விதி ஒன்றுதான் உருப்படியானது. என் மாமியாருக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் கண்டக்டர் நொண்டிக்கொண்டே படியிறங்கி வந்தான்.

"என்னலே ஆச்சு காலுக்கு?"

"வண்டி கவுந்துருச்சு பெரியம்மா. கால் முறிஞ்சு போச்சு. டாக்டர் நடக்கக் கூடாதுன்னுட்டாரு."

"எங்க கவுந்துச்சு?"

"எப்போதும்வென்றான் ஊருக்குப் போற ரோட்ல. அங்க" என்று மாடியைக் காட்டினான்.

"அங்க கவுந்ததுக்கு இங்கன ஏன்லே நொண்டுத?"

"பழகிக்கிடணும்லா? சாயங்காலம் நல்லா நடந்துட்டேன்னா விதிய மீறுனதாயிரும்."

அப்படியே நொண்டி நொண்டி பிரஸ்ஸுக்குப் போனான். பாவம், முதலாளி நல்ல மனுஷன். பொய்க் காலுக்கு நிஜ லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளையாட்டோடு வருகிற பஸ்ஸெல்லாம் வெள்ளைக்கார ஊர் பஸ்ஸாம். நம்மூர் வண்டி வேண்டுமென்றால் நாமே செய்து உள்ளே சேர்க்க வேண்டும். அப்படிச் செய்து சேர்க்கிற சாமானை மோடு என்கிறார்கள். வண்டியின் கூடு முழுக்கக் கண்டக்டர் செய்தது. கிழிந்த சீட், அதிலிருந்து எட்டிப் பார்க்கிற பஞ்சு, பாதியில் சிக்கிக்கொண்ட ஜன்னல் ஷட்டர், முன் கண்ணாடியில் காய்ந்துபோன எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. புது வண்டி செய்ய வேண்டியதுதானே, பழசை எதற்குப் பாடுபட்டுச் செய்தாய் என்று கேட்டேன். என்னை ஒன்றும் தெரியாதவள் மாதிரி பார்த்தான்.

கூடு இவனுடையது. சத்தம் டிரைவருடையது. டிரைவர் என்பது விருதுநகர்ப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிற ஒரு பெரிய மனுஷன். அவர் ஊர் ஊராக பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நின்று, இன்ஜினுக்குப் பக்கத்தில் போனை நீட்டி, ஒவ்வொரு கியருக்கும் தனித்தனியாகச் சத்தம் பிடித்துக்கொண்டு வந்தாராம். இரண்டு பேரும் வருஷக்கணக்காகச் சேர்ந்து வண்டி ஓட்டியிருக்கிறார்கள். நேரில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை.

இந்த வண்டி நன்றாக ஓட ஆரம்பித்ததும்தான் வந்தது வினை. மோடுக்கு இனிமேல் காசு வாங்க வேண்டும், பூட்டுப் போட வேண்டும், காசு கட்டினவன் மட்டும் ஏறட்டும் என்று ஒரு கூட்டம். இத்தனை நாள் சும்மா ஏறினவனை இறக்கிவிடுவது நியாயமா என்று இன்னொரு கூட்டம். மாடியில் தினமும் ஒரே இரைச்சல். கண்டக்டர் இலவசக் கட்சி. டிரைவர் காசுக் கட்சி.

என்னைக் கேட்டால் டிரைவர் சொன்னதுதான் சரி. கூலி வாங்காமல் நான் ஒரு குச்சிகூட அடுக்கினதில்லை. அதை இவன் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"ஏறுன ஆளப் பாதில இறக்கிவிட எனக்கு மனசு வராது பெரியம்மா. வேலையில்லாத பயலுக எத்தன பேரு ஏறுதானுங்க தெரியுமா?"

"அப்பம் டிரைவர் பட்ட பாட்டுக்கு?"

விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, "வண்டி போனாப் போகுது. அவரு எறங்கிப் போயிருவாருன்னு சொல்லுதாவ. அதான் சோறு எறங்கல" என்றான். டிரைவர் ஒரு தவணை சொல்லியிருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசுவது, ஒத்துவராவிட்டால் அன்றோடு வண்டியை விட்டு இறங்கிவிடுவது. பேசுகிற இடம் என் வீட்டு முற்றம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்தார்கள். இன்ஸ்பெக்டர் என்பது காற்றடித்தால் பறக்கிற மாதிரி ஓர் ஆள், நிஜத்தில் செல்போனுக்கு உறை விற்கிறாராம். டாக்டர் போட்டோ ஸ்டூடியோக்காரர். டிரைவர் விபூதியும் தொந்தியுமாக, வேட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முதல்தடவை பார்க்கிற கண்டக்டருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "டீசல் போட்டாச்சா அண்ணாச்சி?" என்றான். "போட்டாச்சு" என்றார் அவர்.

மற்ற இரண்டு பேரும் பழைய வழக்கைக் கிளப்பினார்கள்.

"போன மாசம் ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு என்னையச் சுட்டது நீங்கதான டாக்டர்?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"செத்தவரு கேள்வி கேக்கக் கூடாது!" என்று டாக்டர் திருப்பிக் கத்தினார்.

எதிர்வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் பைக்கில் ஏட்டய்யா வந்து இறங்கினார். நிஜமான ஏட்டய்யா.

இவர்கள் அவரை விளையாட்டில் புதிதாகச் சேர்ந்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள். டாக்டர் எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார். "துணி நல்ல துணி. எங்க தச்சீங்க அண்ணாச்சி?"

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே உறுமினார். "ஏட்டு, மேலதிகாரியப் பாத்தா சல்யூட் அடிக்கணும்னு தெரியாதா? விதிய வாசிச்சீரா இல்லையா?"

அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல். ஏட்டய்யாவின் கை பாதி தூரம் மேலே போய்விட்டது. பாதியில் சுதாரித்துக்கொண்டார்.

"நீங்க எந்த ஸ்டேஷன்?"

"டவுன் மொத்தமும் என் கையிலதான்."

"சரி, இங்க யாரு யாரச் சுட்டது?"

"இவரச் சுட்டது நான்தான்" என்றார் டாக்டர், வெகு மரியாதையாக.

"செத்தது?"

"நான்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா அது எனக்கு ஞாபகம் இருக்கக் கூடாது."

இனிமேல் விட்டால் ஏட்டய்யா எல்லாரையும் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நான் நடுவில் புகுந்தேன். "ஐயா, இவனுக எல்லாரும் கம்ப்யூட்டருக்குள்ள செத்துப் பிழைக்கிறவனுக. நிஜத்துல ஒரு கோழியப் பிடிக்கத் துப்பு கிடையாது. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

ஏட்டய்யா டீ குடித்தார். போகும்போது இன்ஸ்பெக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ஊர்ல லீவு ஒழுங்காக் குடுக்காவளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தார்கள். டிரைவர் நிதானமாகப் பேசினார்.

"நான் பிடிச்ச சத்தத்துக்கு மத்த வண்டிக்காரங்க வெலை கேக்காவ. குடுக்கப் போறேன். காசு குடுத்து வாங்குனவன், உம்ம வண்டியில அதே சத்தம் சும்மா கேட்டா என்னையக் காறித் துப்ப மாட்டானா? ஒண்ணு நீரும் பூட்டுப் போடும். இல்ல, நான் எறங்குதேன்."

எல்லாரும் கண்டக்டரைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். "அவரு சொல்லுததுல என்ன தப்பு? வாயத் தெறந்து சொல்லேம்லே" என்றேன் நான்.

டிரைவர் எழுந்தார். செருப்பை மாட்டினார். வாசல் கேட்டைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். கண்டக்டர் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதினான்.

ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். அந்தத் தொந்தி மனுஷன் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று அப்படியே நின்றுவிட்டார். வருஷக்கணக்கில் பழகின காது.

"அண்ணாச்சி, சத்தம் உங்களுது. எடுத்துக்கிடுங்க, வில்லுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான் கண்டக்டர். "வண்டிய மட்டும் விட்டுப் போயிராதீங்க."

"சத்தமில்லாத ஊம வண்டிய எப்படி ஓய் ஓட்டுவேன்? எந்தக் கியர்ல போவுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தத்த நான் குடுக்கேன்."

"எங்கருந்து?"

கண்டக்டர் உதட்டைக் குவித்தான். "டுர்ர்ர்ர்ர்..." என்று ஆரம்பித்து, முக்கி, ஏறி, கியர் மாறுகிற இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, மறுபடி ஏறினான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. டிரைவர் கேட்டைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "மூணாவது கியர் கொஞ்சம் கனமா வரணும்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

இப்படி ஒரு தீர்ப்பை நான் எந்தப் பஞ்சாயத்திலும் கேட்டதில்லை. டிரைவர் சத்தத்தை விற்றார், நன்றாக விலைபோனதாம். இந்த மடையன் சாயங்காலமானால் மாடியில் உட்கார்ந்து வாயால் பஸ் ஓட்டினான். கூலியில்லாத வேலை போதாது என்று கூலியில்லாத இன்ஜினாகவும் ஆனான். காசு கொடுத்து அசல் சத்தம் வாங்கினவர்கள்கூட இதில் வந்து ஏறினார்களாம். புத்தி எந்த அளவில் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடிக் காற்று அடிக்கிற சமயம் கரிசல் புழுதி தொண்டையில் இறங்கி அவனுக்குக் குரல் அடைத்துக்கொண்டது. சாயங்காலம் மாடியில் சத்தமே இல்லை. சுக்குக் கஷாயம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹெட்போன் கழற்றிக் கிடந்தது, டிரைவர் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"கண்டக்டர், என்ன ஓய், வண்டி ஸ்டார்ட் ஆகலையா? ஆளுக ஏறி உக்காந்திருக்காவ."

இவன் வாயைத் திறந்தான். பூனை சீறுகிற மாதிரி ஒரு காற்று வந்தது. தண்ணீர் முட்டின கண்ணோடு என்னைப் பார்த்தான்.

கஷாயத்தை அவன் கையில் கொடுத்தேன். "தள்ளி உக்காருலே" என்றேன். அந்த மைக்கை என் பக்கம் இழுத்து, எனக்குத் தெரிந்த மட்டும் ஒரு சத்தம் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது.

மூன்றாவது கியர் சரியில்லை என்று டிரைவர் சொன்னார். சொல்வார், அவருக்கென்ன. மறுநாள் காலையில் கிரைண்டரில் மாவு ஓடும்போது, அதன் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால், நான் கொஞ்சம் பழகிப் பார்த்துக்கொண்டேன்.