சூல்மாவின் கிட்னி

"ரத்தத்துல மருந்து பதினஞ்சுக்கு ஏறிடுச்சு." நர்ஸ் நெலிதா ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தாள். "பத்தைத் தாண்டவே கூடாது. உண்மையைச் சொல்லுங்க, என்ன சாப்பிட்டீங்க?"

வாஷிங்டன் கூரையைப் பார்த்தார். அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க வேளை தவறாமல் மாத்திரை போடுகிறார். அந்த மருந்து ரத்தத்தில் குறைந்தால் உடம்பு சண்டைக்கு வரும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

சிறுநீரகத்தைக் கொடுத்தவள் மனைவி சூல்மா. அதனால் அந்த வீட்டில் யாரும் அதை வாஷிங்டனுடையது என்று சொல்வதில்லை.

"என் கிட்னிக்கு ஏதாவது ஆச்சு, இந்த மனுஷனைச் சும்மா விடமாட்டேன்," என்றாள் சூல்மா.

நெலிதாவின் சந்தேகமெல்லாம் கொல்லையில் காய்த்துத் தொங்கிய பம்பளிமாஸ் மரத்தின்மேல்தான். அந்தச் சாறு ஒரு டம்ளர் போனால் போதும், மருந்து தாறுமாறாக ஏறும். சால்ட்டோ ஊரில் அந்த மரம் இல்லாத வீடே கிடையாது என்பது அவள் தலைவிதி.

"இவருக்கு ஒரு சுளை குடுத்திருந்தா என் கை விளங்காம போகட்டும் சிஸ்டர்," என்றாள் சூல்மா.

"எனக்குன்னு யாரும் பிழிஞ்சு தரல. இது சத்தியம்," என்றார் வாஷிங்டன்.

"எதுக்கும் மரத்துல ஒண்ணு விடாம பறிச்சிருங்க. இனி வாரம் மூணு தடவை வருவேன்."

சூல்மா வழக்கம்போல் தட்டால் மூடிய குவளையை அவள்முன் வைத்தாள். நெலிதா வழக்கம்போல் தொடவில்லை. நோயாளி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது அவளுடைய இருபது வருடக் கொள்கை. சூல்மா மனத்தாங்கலைக் காட்டிக்கொள்ளாமல், அவளைப் பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தாள்.

அடுத்த ரிப்போர்ட்டில் பதினெட்டு.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். நெலிதாவின் பார்வை பக்கத்து வீட்டு வால்டெமார்மேல் திரும்பியது. அவரும் வாஷிங்டனும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே குழலில் மாத்தே என்ற இலைத் தேநீரை மாற்றி மாற்றி உறிஞ்சுகிறவர்கள். நீட்டிய மாத்தேயை மறுத்தால் அந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

"உங்க எச்சில்ல என்ன கிருமி இருக்கோ. இவருக்கு வயித்தால போனாலும் மருந்து ஏறும். நீங்க வெளியவே இருங்க."

"அறுபது வருஷமா என் எச்சில் இவனைக் கொல்லலையே," என்று முனகியபடி வால்டெமார் நாற்காலியோடு ஜன்னலுக்கு வெளியே குடிபோனார்.

நெலிதா தினமும் வர ஆரம்பித்தாள். குவளையும் பெரிதாகிவிட்டது.

இருபத்து மூன்று.

நெலிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நாளைக்கு ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம்மா. கிட்னி போயிடும்போல இருக்கு."

சூல்மா விலாவில் இருந்த தழும்பின்மேல் கையை வைத்துக்கொண்டாள். வாஷிங்டன் மறுபடி கூரையைப் பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே வால்டெமார் தொண்டையைச் செருமினார்.

"ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்கு சிஸ்டர்? சூல்மா உங்களுக்குன்னு பிழிஞ்சு வைக்கிற பம்பளிமாஸ் சாறை ஒரு நாளாவது நீங்களே குடிச்சிட்டுப் போங்க. நீங்க பஸ்ஸுக்குக் கெளம்பினதும், வீணாப்போகக் கூடாதேன்னு இவன்தான் தினம் குடிச்சுக் குவளையையும் கழுவி வைக்கிறான்."