மோடத்துக்குத் தைத்த சட்டை

இன்ஜினியரிங் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒருவனுக்கு இருக்கிற அறிவு, அதன்பிறகு ஆயுசுக்கும் வாய்ப்பதில்லை. அந்த அறிவோடுதான் எங்கள் சிவகாசி வீட்டின் பிராட்பேண்ட் இணைப்பில் நான் கைவைத்தேன்.

அக்காவுக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை பக்கத்து அச்சங்குளத்துக்காரர், சிங்கப்பூரில் வேலை, இப்போதைக்கு லீவு கிடைக்காது. போட்டோவைப் பார்த்தெல்லாம் கழுத்தை நீட்ட முடியாது, முகம் பார்த்துப் பேசினால்தான் சம்மதம் சொல்வேன் என்றுவிட்டாள் அக்கா. ஞாயிறு சாயங்காலம் வெப்கேமில் பார்ப்பதாக ஏற்பாடு. (தெருவிலேயே முதல் பிராட்பேண்ட் எங்களுடையது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.)

மோடம் கொண்டுவந்த டெலிபோன் ஆபீஸ்காரர் செட்டிங்கும் போட்டுத் தருவதாகச் சொன்னார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. பூஜ்யத்தை வைத்துக்கொண்டு நெட் எப்படி வரும் என்று ஒன்று போட்டேன். இணைப்பு முறை 'பிரிட்ஜ்' என்றிருந்ததை 'பிபிபிஓஇ' என்று மாற்றினேன், பயந்துபோய்த் திரும்பவும் பிரிட்ஜ் ஆக்கினேன். வாரம் முழுக்க சிவப்பு விளக்கு என்னை முறைத்தது. சனிக்கிழமை வெட்கத்தை விட்டு அவருக்கே போன் செய்தேன். பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே விட்டுவிட்டு, பிபிபிஓஇ வைத்து யூசர்நேம், பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னார். பச்சை எரிந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். டிவிக்கும் மிக்ஸிக்கும் உறை போட்ட வீட்டில் மோடம் மட்டும் வெற்றுடம்போடு இருப்பதா? வெல்வெட் துணியில் இறுக்கமாக ஒரு சட்டை தைத்து மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை திரையில் கட்டம் கட்டமாக வந்து சேர்ந்தார். அக்காவும் அவரும் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை, அப்பா மூக்கை உறிஞ்சிக் கருகல் வாடையை மோப்பம் பிடித்தார். அப்பா நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கம்பெனியைப் போலவே எங்கள் அடுப்படியிலும் ஒரு சிவப்பு வாளியில் மணல் வைத்திருந்தார். வெல்வெட்டின் மேல் கைவைத்துப் பார்த்தார்.

"ஏலே, சுடுது. எல்லாரும் வெளிய போங்க" என்றார், கத்தாமல்.

வாளி மணல் முழுவதும் மோடத்தின் மேல் இறங்கியது. மாப்பிள்ளை கடைசியாகப் பார்த்தது, தன் மாமனார் ஆகவேண்டியவர் வாளியும் கையுமாக வருவதைத்தான்.

வாசலில் நின்றோம். சம்பந்தம் என்னால் கெட்டது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே போன் அடித்தது. அப்பா போய் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, எல்லாரும் வெளிய வந்துட்டீகளா?"

மாப்பிள்ளைதான். பட்டாசு விபத்துகளைப் பார்த்தே வளரும் எங்கள் பக்கத்தில் பிறந்தவர்கள்தான் முதலில் இதைக் கேட்பார்கள். (போனை எடுத்தவர் வீட்டுக்குள்தான் நிற்கிறார் என்பது இருவருக்குமே உறைக்கவில்லை.) "வந்துட்டோம்" என்றார் அப்பா.

அக்கா வாசலில் இருந்தபடியே அப்பாவிடம் சம்மதம் சொல்லச் சொன்னாள். இன்னும் பேசவே இல்லையே என்றேன்.

"போதும்லே, பாத்துட்டேன்."

மச்சான் ஒவ்வொரு லீவிலும் வந்து, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் இதை ஆரம்பிப்பார். "மாமா மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்தா, நான் வாயத் தொறந்து பேசிக் காரியத்தக் கெடுத்திருப்பேன்." அக்கா அதை மறுத்து நான் கேட்டதில்லை.