வியர்வை குறித்த அவசரக் கூட்டம்

உலகத்திலேயே கட்டுப்பாடு மிகுந்த வியர்வை எங்கள் கம்பெனி வியர்வைதான். மற்ற ஊர்களில் அது தன் இஷ்டத்துக்கு வழியும். நெற்றியில் பிறந்து மூக்கில் இறங்கி எங்கு வேண்டுமானாலும் சொட்டும். எங்கள் வியர்வைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. வெடிமருந்தில் ஈரம் பட்டால் மருந்து சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பதால், புருவத்தைத் தாண்டுமுன் துண்டால் ஒற்றி எடுக்கப்படும். எங்கள் ஆட்கள் அழுகை வந்தால்கூட அறையை விட்டு வெளியே வந்துதான் அழுவார்கள். இப்பேர்ப்பட்ட கம்பெனியில் ஒருத்தி, அனுமதி வாங்காமல், காரணம் சொல்லாமல், அதுவும் சில்லென்று வியர்க்கலாமா?

இதெல்லாம் நான் மனதுக்குள் நினைத்தது. மேனேஜர் அறையில் அவசரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டங்களில் வாயைத் திறந்து எனக்குப் பழக்கம் இல்லை.

2009 தீபாவளி சீசன். எம். புதுப்பட்டி ரோட்டில் இருக்கும் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் இருந்து லோடு மேல் லோடு போய்க்கொண்டிருந்தது. முதலாளி திருப்பதிக்குப் போயிருந்தார். சீசனில் யாருக்கும் லீவு கிடையாது என்று பெருமாளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரப் போயிருக்கிறார் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். ஆகவே சகல பொறுப்பும் மேனேஜர் பாலகுரு சாரிடம் இருந்தது. அவருக்கு எதிரே போர்மேன் உக்கிரபாண்டி. சுவர் ஓரமாக, அறையில் ஒரே பெண்ணாக நான். ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடி பெஞ்சில், கூட்டத்தின் பொருளான முத்துப்பேச்சி அக்கா சாய்ந்து கிடந்தாள். மருந்து அறையில் வேலை பார்க்கிறவள். அவள் நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள் அவளுடைய கூட்டாளி வெள்ளைத்தாய். துடைக்கத் துடைக்க ஊறியது.

“மருந்துல ஒரு சொட்டும் விழுகலையே?” என்று கூட்டத்தைத் தொடங்கி வைத்தார் மேனேஜர்.

“இல்ல சார். தாம்பாளத்தத் தள்ளி வச்சுட்டுத்தான் சாஞ்சுச்சு,” என்றார் போர்மேன்.

மேனேஜர் பெருமையாகத் தலையாட்டினார். “நல்ல ஒர்க்கர்யா.”

நான் எதற்கு அந்தக் கூட்டத்தில் என்று கேட்கலாம். கணக்கு எழுதுவதைத் தவிர, கம்பெனியின் ‘முதலுதவிப் பொறுப்பாளர்’ நான். பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தபோது, மருந்து அறையில் இருந்து அனுப்பினால் வேலை நின்றுவிடும் என்றும், என்னை அனுப்பினால் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி மட்டுமே காலியாகும் என்றும் தெரிந்து என்னை அனுப்பினார்கள். விருதுநகரில் பயிற்சி. குத்துவிளக்கு ஏற்றினார்கள். அதிகாரிகள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். சாப்பாடு, சான்றிதழ், போட்டோ. இடையில் ஓர் இளம் டாக்டர் அம்மா, மைக் வேலை செய்யாததால் தொண்டை கிழியக் கத்திச் சொன்னார்: “சும்மா இருக்கும்போது ஜில்லுன்னு வேர்த்தா, காரணம் பல இருக்கலாம். பயம், சர்க்கரை குறையறது, காய்ச்சல், ரத்தப்போக்கு. ஆனா கூடவே நெஞ்சு இறுக்கம், தாடையிலயோ கையிலயோ வலி, மூச்சுமுட்டல், மயக்கம், பேச்சுக் குழறல், இதுல ஒண்ணு இருந்தாக்கூட காரணத்தைத் தேடாதீங்க. வண்டியைத் தேடுங்க.”

எங்கள் கூட்டம் காரணத்தைத் தேடியது.

“ஏம்மா முத்துப்பேச்சி, என்ன செய்யுது?” மேனேஜர் ஜன்னல் வழியாக விசாரித்தார்.

“என்னமோ செய்யுது சார்.”

“என்னமோன்னா எப்படி? தெளிவாச் சொல்லணும்ல.”

“தாடை இழுக்கு சார். நெஞ்சுல ஆட்டுரலத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு.”

“காலையில என்ன சாப்பிட்ட?”

“கஞ்சி.”

“தொட்டுக்கிட?”

“பருப்புத் தொவையல்.”

மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு விஞ்ஞானியின் ஒளி இருந்தது. “பருப்பு! வாயுய்யா இது.”

“வாயுன்னா ஏப்பம் வரணும்ல சார்?” போர்மேன் சாதாரணமான ஆள் இல்லை, எதையும் ஆராயாமல் ஒப்புக்கொள்ள மாட்டார். எழுந்து ஜன்னலுக்கு வந்தார். “ஏத்தா, ஏப்பம் வருதா?”

“அவளுக்கு மூச்சே வரமாட்டேங்குது, நீங்க ஏப்பம் கேக்குறீகளா?” என்றாள் வெள்ளைத்தாய்.

வாயு தள்ளுபடி ஆனது. அடுத்து, சர்க்கரை குறைந்திருக்கலாம் என்று கூட்டம் கருதியது. ஒரு கலர் பாட்டில் வரவழைக்கப்பட்டது. முத்துப்பேச்சி அக்கா ஒரு மிடறு குடித்து, அதையும் காலைக் கஞ்சியையும் சேர்த்து வாந்தி எடுத்தாள். சர்க்கரையும் தோற்றது.

போர்மேன் குரலைத் தாழ்த்தினார். “சார், இது வந்து... பொம்பளைகளுக்கு அந்த வயசுல வர்ற சமாச்சாரமா இருக்கும்.”

இரண்டு ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அவசரமாகக் காலண்டர் முருகனைப் பார்த்தார்கள். தாழ்ந்த குரல் வெள்ளைத்தாய்க்குக் கேட்டுவிட்டது.

“எனக்கும்தான்யா அந்த வயசு வந்துச்சு. அனலா அடிச்சு வேர்க்கும், அடங்கிரும். இவ ஐஸ் கட்டியாட்டம் கெடக்கா. தொட்டுப் பாருங்க.”

யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. கம்பெனியில் பெண்களைத் தொடுவது ஒழுக்கக் கேடு.

“பயமா இருக்கும்,” என்றார் மேனேஜர். “முத்துப்பேச்சி, யாரையும் பாத்துப் பயந்துட்டியா?”

“ஒங்களப் பாத்துத்தான் இப்பப் பயப்படுறா,” என்றாள் வெள்ளைத்தாய்.

இந்த நேரத்தில்தான் நான் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். “சார், 108...”

கோயிலுக்குள் கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோல இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். 108 வண்டி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மற்ற ஊர்களில் அந்தச் சத்தம் கேட்டால் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கோ வெடித்துவிட்டது. கம்பெனிகள் இருக்கும் ரோட்டில் அது திரும்பினால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஊர் ஓடிவரும். ஆகவே எங்கள் கம்பெனியில் யாருக்கும் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போகக் கூடாது என்பது எழுதப்படாத கொள்கை. மிக உயர்ந்த கொள்கை. நோயே இல்லாத இடத்தை வேறு யாராலும் இத்தனை சுலபமாக உண்டாக்க முடிந்ததில்லை.

“ஏம்மா இசைவாணி, படிச்ச பிள்ளைதான நீ?” மேனேஜர் பொறுமையாகவே கேட்டார். “ஆம்புலன்ஸ் உள்ள வந்தா அஞ்சு ஊரும் மாரடிச்சுக்கிட்டு வரும். டிவியில ஓடும். ஆபீசர்க வருவாக. வந்தவுக சும்மா போவாகளா? ரூம்புக்கு எத்தன ஆளுன்னு பாப்பாக.”

“ரூல் படி நாலு பேருதான் சார் இருக்காக,” என்றார் போர்மேன் ரோஷமாக.

மேனேஜர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூலைக்கு,” என்று போர்மேன் சேர்த்துக்கொண்டார்.

கம்பெனி வேன் இருந்தது. ஆனால் அதில் பண்டல்கள் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. “வெடி லோடோட ஆள ஏத்துறது சட்ட விரோதம்,” என்றார் மேனேஜர். நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்த பிறகு, சட்டம் என்ற சொல்லை அவர் வாயில் கேட்டது அன்றைக்குத்தான். மெய்சிலிர்த்தது. லோடை இறக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

“எங்கிட்ட டிவிஎஸ் இருக்கு சார்,” என்றார் போர்மேன். “நான் ஓட்டுறேன். நடுவுல முத்துப்பேச்சி. பின்னால வெள்ளைத்தாய் பிடிச்சுக்கிடட்டும். யாரு கண்ணுக்கும் தெரியாது. மூணு பேரும் சினிமாவுக்குப் போற மாதிரி இருக்கும்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இருவரும் வண்டியை எடுக்க வெளியே போனார்கள்.

அறையில் நானும் தொலைபேசியும் மட்டும் இருந்தோம். செல்போன்கள் கேட்டிலேயே வாங்கி வைக்கப்படும் என்பதால் கம்பெனி முழுவதற்கும் அது ஒன்றுதான் போன். அதைப் பார்த்தபோது என் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கழுத்தின் பின்பக்கம் சில்லென்று ஒரு கோடு இறங்கியது. முதலுதவிப் பொறுப்பாளர் என்ற முறையில் என்னை நானே பரிசோதித்தேன். நெஞ்சு இறுக்கம் இல்லை. தாடை வலி இல்லை. மூச்சு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. இது வேலை போய்விடும் என்ற வியர்வை. அப்பா ஆலங்குளம் சிமெண்ட் ஆலையை விட்டு வந்த பிறகு வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். இந்த வகை வியர்வைக்கு வைத்தியம் தேவையில்லை. அதைப் பல வருஷம் வைத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, பொங்கல் போனசும் வாங்கலாம். ஒரே சிக்கல், இது யாருக்கு வருகிறதோ அவரை ஒன்றும் செய்யாது. பக்கத்தில் இருப்பவரைக் கொன்றுவிடும்.

வெளியே முத்துப்பேச்சி அக்காவை எழுப்பி நிறுத்திப் பார்த்தார்கள். அவள் நிற்கவில்லை. ஈரத்துணிபோல மடிந்து வெள்ளைத்தாய் மேல் சரிந்தாள். “ஏத்தா, கொஞ்சம் ஒத்துழைக்கணும்ல,” என்றது போர்மேனின் குரல்.

நான் மூன்று எண்களையும் அழுத்தினேன்.

“எம். புதுப்பட்டி ரோட்டுல பட்டாசுக் கம்பெனியா?” எதிர்முனையில் இருந்த பெண் பரபரப்பானாள். “எத்தனை பேருக்குத் தீக்காயம்மா?”

“தீக்காயம் இல்லைங்க. வேர்க்குது.”

“என்னது?”

“ஜில்லுன்னு வேர்க்குது. தாடை வலிக்குது. நிக்க முடியலை.”

அவள் குரல் மாறியது. “நடக்க விடாதீங்க. சாய்ச்சு உக்கார வைங்க. வண்டி கிளம்பியாச்சு.”

நான் வெளியே போய், “உக்கார வைங்க, வண்டி வருது,” என்றேன். மேனேஜர் முகத்தில் முத்து முத்தாக அரும்பியதற்குக் காரணம் தேட எந்தக் கூட்டமும் தேவைப்படவில்லை.

“சங்கு ஊதாம வரச் சொல்லலாம்ல!” என்று கத்தினார். “மெயின் ரோட்டுலயே நிக்கச் சொல்லலாம்ல! நாம டிவிஎஸ்ல கொண்டுபோய்...”

சத்தம் வந்துவிட்டது. வண்டிக்கு முன்னால் ஊர் வந்துவிட்டது. மாவுக் கையோடு பெண்கள் வந்தார்கள். ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் நுரையோடு ஓர் ஆள் வந்தார். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆளின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். பார்க்க முடியவில்லை. மேனேஜர் சொன்னதில் பொய்யே இல்லை.

வண்டியில் வந்த தம்பி முத்துப்பேச்சி அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, “எப்ப இருந்து வேர்க்குது?” என்று கேட்டார்.

“இப்பத்தான்,” என்றார் மேனேஜர்.

“இப்பத்தான்,” என்றார் போர்மேன்.

முத்துப்பேச்சி அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “காலை டீக்கு முன்னால இருந்து.”

அப்போது மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தம்பி அவள் வாய்க்குள் ஒரு மாத்திரையை வைத்துச் சவைக்கச் சொன்னார், மூச்சுக்குக் குழாய் மாட்டினார், கதவைச் சாத்தினார். வெள்ளைத்தாய் யாரிடமும் கேட்காமல் உள்ளே ஏறிக்கொண்டாள்.

போர்மேன் கேட்டின் மேல் ஏறி நின்றார். “வெடி இல்லத்தா! ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல! நெஞ்சு வலிதான்!”

“நெஞ்சு வலிதானாம்!” கூட்டம் அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசிவரை கொண்டுபோனது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே அழுதாள். “நெஞ்சு வலிதானாம்க்கா, மாரியாத்தா காப்பாத்திட்டா!” “இதுக்கா இம்புட்டுச் சத்தம் போட்டு வந்தாக?” என்று கோபித்துக்கொண்டார் பாதிச் சவரத்தோடு வந்தவர். எல்லோரும் நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். வண்டியும் போயிருந்தது. அதன் பின்னால் ஓட முத்துப்பேச்சி அக்கா வீட்டில் யாரும் இல்லை. அவளுடைய புருஷனும் மகளும் வேறு கம்பெனியில் வேலையாக இருந்தார்கள். அவர்களுடைய செல்போன்களும் அந்தக் கம்பெனிக் கேட்டில் இருந்தன.

அறைக்குள் போன் அடித்தது. ஓர் அதிகாரியின் அலுவலகத்தில் இருந்து. மேனேஜர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

“நீதான கூப்பிட்ட? நீயே சொல்லு. முத்துப்பேச்சி இன்னைக்கு வேலைக்கே வரலை. கேட்டுக்கு வெளியில மயங்கிக் கெடந்துச்சு. நாமதான் மனிதாபிமானத்தோட 108-ஐக் கூப்பிட்டோம்.” கொஞ்சம் யோசித்தார். “உன் பேரக்கூடச் சொல்லிக்கோ.”

வாங்கிக் காதில் வைத்தேன்.

“ஆம்புலன்ஸ் போச்சாமே? எத்தனை பேரு?” என்றது அதிகாரக் குரல்.

“ஒருத்தங்க சார்.”

“எத்தனை சதவீதம்?”

“தீக்காயம் இல்லை சார். வேலை பாக்கும்போது நெஞ்சு வலி.”

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். எதிர்முனையில் ஒரு பெருமூச்சும், நாற்காலியில் ஒருவர் சாயும் சத்தமும் கேட்டன.

“அட, பயமுறுத்திட்டியேம்மா. அப்ப ஒண்ணும் நடக்கலை. அப்படியே எழுதிக்கிடுறேன், சரியா?”

அவர் நல்லவர். குரலிலேயே தெரிந்தது. பாலகுரு சாரும் நல்லவர். போன மாதம் என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துச் சொன்னவர். எங்கள் பக்கத்தில் எல்லோருமே நல்லவர்கள். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சின்ன வழக்கம்தான். வெடித்துச் செத்தால் அது சாவு; மந்திரி வருவார், மாலை வரும், நிவாரணம் வரும். வேர்த்துச் செத்தால் அது ஆப்சென்ட்.

“ஒண்ணும் நடக்கலைன்னு எழுதாதீங்க சார்,” என்றேன்.